வலது வாசல் டார்ச் அக்கா

எங்கள் அரங்கத்தில் டிக்கெட்டுக்கு நம்பர் கிடையாது. முதல் தடவை வருகிறவர்கள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கவுன்டர் கண்ணாடியில் இருக்கும் ஓட்டைக்குள் வாயை நுழைக்காத குறையாக, சீட் எது என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்பேன். உள்ளே ஒரு அம்மா டார்ச்சோடு நிற்பாள், அவள் காட்டுவதுதான் உங்கள் சீட் என்பேன். நம்ப மாட்டார்கள். உள்ளே போன பிறகு நம்புவார்கள்.

அந்த அம்மாவைத்தான் பேட்டை முழுக்க டார்ச் அக்கா என்று கூப்பிடும். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஒல்லி, குள்ளம், நடையில் மட்டும் ஒரு பெரிய அதிகாரியின் மிடுக்கு. பத்தொன்பது வருடமாக நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவள் வாசலில். ஜனங்களுக்கு என்னில் தெரிந்ததெல்லாம் டிக்கெட் கிழித்து நீட்டும் ஒரு கை. அவளையோ தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிப் பேசுவார்கள். பொறாமையைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன், அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அவள்மேல் எனக்கும் கொஞ்சம் உண்டு.

டிக்கெட்டுக்கு நம்பர் இல்லாமல் போன கதை இது. அரங்கம் கட்டியபோது, இடித்துப் போட்ட மூன்று சினிமா தியேட்டர்களிலிருந்து இருக்கைகளை வாங்கி வந்து பொருத்தினார்கள். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு. மூன்று தியேட்டர் என்பதால் மூன்று சி-7, மூன்று டி-4. திறப்பு விழா அன்று ஒரே நம்பருக்கு மூன்று பேர் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் நடந்த நாடகத்தைவிடக் கீழே நடந்தது நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அப்போது இவள் அங்கே கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, எலக்ட்ரீஷியன் பையிலிருந்து டார்ச்சை உருவி, நீ இங்கே, நீங்கள் அங்கே என்று ஒவ்வொருவராகக் கூட்டிப் போய்க் கால்மணி நேரத்தில் அத்தனை பேரையும் உட்கார வைத்துவிட்டாள். மறுநாளே மேனேஜர் நம்பர் தகடுகளைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போனது, டார்ச் இவளிடம் தங்கியது.

அவள் குருட்டாம்போக்கில் உட்கார வைக்கிறவள் இல்லை. வலது முட்டி மடங்காத தையல்காரருக்கு நடைபாதை ஓரம், காலை நீட்டிக்கொள்ளலாம். குறட்டை விடும் மருந்துக்கடைக்காரர் கடகடவென்று ஓடும் மின்விசிறிக்கு நேர் கீழே, குறட்டையும் விசிறியும் ஒன்றாகக் கலந்துவிடும். ஜோக் முடிவதற்குள் சிரித்துவிடும் ஜெராக்ஸ் கடைக்காரர், நடிகர்கள் காதுக்கு எட்டாத பன்னிரண்டாவது வரிசையில். பிள்ளைத்தாய்ச்சிகள் கதவுப் பக்கம். சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து முன்னும் பின்னுமாக உட்கார வைப்பாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. டார்ச் வெளிச்சம் ஓர் இருக்கையில் போய் விழும், அவ்வளவுதான். அதை மீறி வேறு இடத்தில் உட்கார்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

கோபம் வந்தால் தூண். எட்டாவது வரிசையில் ஒரு தூண் உண்டு. அதன் பின்னால் நான்கு இருக்கைகள். அங்கே உட்கார்ந்தால் நடிகர்களின் குரல் வரும், ஆள் தெரிய மாட்டார்கள். தைக்கக் கொடுத்த துணியைப் பத்து நாள் இழுத்தடித்ததற்காகத் தையல்காரர் ஒரு மாதம் முழுக்கத் தூணைப் பார்த்துவிட்டுப் போனார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வீட்டிலும் அவள் ராஜ்ஜியம்தான். அவள் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் சுற்றும் கடை. ஒரு மாடி வீட்டில் இவர்கள் கீழே, அவருடைய தம்பி குடும்பம் மேலே. தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டுக்காரர் வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாடகம்கூடப் பார்க்க வந்ததில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து செம்புக்கம்பி சுற்றுகிறவன் சாயங்காலமும் வந்து உட்கார வேண்டுமா என்பாராம். ஆனாலும் மூன்றாவது வரிசையின் வலது ஓர இருக்கையை அவள் தன் மனதில் அவருக்கென்று எழுதி வைத்திருந்தாள். அவள் நிற்கும் இடத்திலிருந்து நாலே எட்டு. எப்போதாவது வந்தால் என்று என்னிடம் சொல்வாள். அந்த எப்போதாவது வந்தபாடில்லை.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். வெளியூர் குழுக்கள் பெரிய நாடகம் போட்டால் பாதி அரங்கம் காலியாகக் கிடந்தது. அதனால் சனிக்கிழமைகளை உள்ளூர் ஆட்களுக்கே கொடுத்துவிட்டார். வங்கி ஊழியர்கள் பாடினார்கள், பள்ளி ஆசிரியைகள் ஆடினார்கள், காய்கறி மண்டிக்காரர்கள் துப்பறியும் நாடகம் போட்டு, கொலைகாரன் யார் என்பதை இரண்டாவது காட்சியிலேயே மறதியாகச் சொல்லிவிட்டார்கள். மேடையில் நிற்பவனுக்குக் கீழே இருபது சொந்தக்காரர்கள் இருப்பார்கள் அல்லவா, கூட்டம் அள்ளியது. ஒரு வாசல் போதவில்லை. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இடது கதவைத் திறந்தார்கள். அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னதும், டார்ச் அக்கா, என் ஓரகத்தி இருக்கிறாள் என்று வாயை விட்டாள்.

தம்பி பெண்டாட்டி வேலை பார்த்த செருப்புக்கடையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் சொல்லால் ஒரு வேலை கிடைக்கிறது என்று வீட்டில் காட்டிக்கொள்ள இவளுக்கு ஆசை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை இவள் சிபாரிசுக் கடிதத்தோடு செய்தாள். சின்னவள் என்றுதான் வீட்டில் அவளைச் சொல்வார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

முதல் இரண்டு சனிக்கிழமை கூட்டம் வழக்கம்போல வலது வாசலுக்கு வந்தது. மூன்றாவது வாரம் பாதிப் பாதி. ஐந்தாவது வாரம் நான் கண்ணாடி வழியே பார்க்கிறேன், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வலது பக்கம் இரண்டு எட்டு வைத்தவர்கள், ஏதோ ஞாபகம் வந்தவர்கள்போல இடது பக்கம் திரும்பிப் போகிறார்கள். டார்ச் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாசலில் ஏழு பேர். இடது வாசலில் வரிசை படிக்கட்டைத் தாண்டிப் போயிருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது வயிற்றெரிச்சல். இடைவேளையில் கவுன்டருக்கு வந்து, என் டீயை எடுத்துக் குடித்துவிட்டு, சின்னவள் பவுடரை அப்பிக்கொண்டு வருகிறாள் என்றாள். அடுத்த வாரம் இவளும் பவுடர் போட்டு வந்தாள். கூட்டம் அசையவில்லை. சிரித்துச் சிரித்தே மயக்குகிறாள், பல்லைக் காட்டினால் ஜனங்கள் பின்னாலேயே போய்விடுவார்களா என்றாள். அதற்கடுத்த வாரம் இவள் சிரிக்க முயன்றாள். ஒரு குழந்தை பயந்து அம்மா பின்னால் ஒளிந்துகொண்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று நான் சொல்லித் தொலைத்தேன். அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். மாடியில் சின்னவள் நடக்கும் சத்தம் கேட்டாலே இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். தண்ணீர்த் தொட்டி மோட்டாரை அவள் மறந்து ஓட விட்டால் அதற்கொரு சண்டை, மறக்காமல் நிறுத்தினால் அவ்வளவு அக்கறை யாருக்குக் காட்டுகிறாள் என்று ஒரு முணுமுணுப்பு. சின்னவளோ எதிலும் சிக்க மாட்டாள். எதைச் சொன்னாலும் சரிங்கக்கா. எரிகிறவளுக்கு அந்தச் சரிங்கக்காவைவிடப் பெரிய வைக்கோல் எது?

வேலையில் அவள் கண்டுபிடித்த குற்றங்களுக்குக் கணக்கில்லை. முட்டி மடங்காத தையல்காரரை முதல் வரிசை நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள், அவர் காலை மேடைப் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறார், எந்த நடிகனாவது இறங்கி வந்தால் தடுக்கி விழப் போகிறான் என்றாள். ஜெராக்ஸ் கடைக்காரரை இரண்டாவது வரிசையில் விட்டிருக்கிறாள், மேடையில் இருக்கிறவன் வாயைத் திறக்குமுன் இவன் சிரிக்கிறான் என்றாள். ஒரு ஆளின் கால், மூச்சு, சிரிப்பு எதுவும் தெரியாமல் இவளெல்லாம் வாசலில் நிற்பதா என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தையல்காரரோ ஜெராக்ஸ் கடைக்காரரோ வலது பக்கம் திரும்பி வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். புது ஏசி வந்துவிட்டது, இரண்டு கதவும் திறந்து கிடந்தால் குளிர் எல்லாம் தெருவுக்குப் போகிறது. அடுத்த மாதத்திலிருந்து உள்ளே வர ஒரே வாசல், மற்றது வெளியே போக மட்டும். வாசலில் நிற்க ஒருத்தி போதும். காலையில் கூட்டித் துடைக்கிறவள் மகள் வீட்டோடு போகப் போகிறாள், அந்த வேலை இன்னொருத்திக்கு. மாதக் கடைசிச் சனிக்கிழமை கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

டார்ச் அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தவள் அவள். பத்தொன்பது வருடம் கழித்து மறுபடி துடைப்பம், அதுவும் யாருக்காக இடத்தைக் காலி செய்துவிட்டு என்றால் தானே கூட்டி வந்த ஓரகத்திக்காக. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். வெளியே வந்ததும் சின்னவள், எனக்குத் துடைக்கிற வேலை பரவாயில்லைங்கக்கா, நீங்களே வாசல்ல இருங்க என்றாள். அவள் நல்ல மனதோடு சொன்னாளா, நாசூக்காகக் குத்தினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. டார்ச் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பிச்சை போடுகிறாளா என்று என்னிடம் பல்லைக் கடித்தாள்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை பஸ் டிப்போ ஊழியர்களின் நாடகம். சின்னவளின் புருஷன் அதில் திருடன் வேஷம். தம்பி நடிக்கிறான் என்று அண்ணனும் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆமாம், டார்ச் அக்காவின் வீட்டுக்காரர்தான். அவள் அதை என்னிடம் சொன்னபோது சந்தோஷப்படுவதா எரிவதா என்று அவளுக்கே புரியவில்லை. பத்தொன்பது வருடம் பெண்டாட்டி வேலை பார்க்கிற இடத்தை எட்டிப் பார்க்காத மனுஷன், தம்பி திருடனாக வருவதைப் பார்க்க வருகிறார். ஆனாலும் வருகிறாரே.

அன்று அவள் மதியமே வந்துவிட்டாள். பை நிறையத் துணித்துண்டுகள். பழைய போர்வை, தலையணை உறை, வீட்டுக்காரரின் கிழிந்த லுங்கி எல்லாவற்றையும் அகலமாகக் கிழித்து எடுத்து வந்திருந்தாள். நடு வரிசைகளில் நல்ல இருக்கைகளாகப் பார்த்து அறுபதின்மேல் துண்டு போட்டாள். ஊரில் எல்லாரும் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், ஆனால் அறுபது துண்டு போட்டுக் கூட்டத்தையே பிடிக்கப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். யோசனை இதுதான். தன் வாசலில் வருகிறவர்களுக்கு மட்டும் துண்டை எடுத்து நல்ல இடம் தருவாள். இடது வாசலில் வந்தவர்கள் ஓரத்திலும் தூணுக்குப் பின்னாலும் உட்கார்ந்து பட்டுத் தெரிந்துகொள்வார்கள். மூன்றாவது வரிசை வலது ஓரத்தில் மட்டும் துண்டுக்குப் பதில் தன் கைப்பையை வைத்தாள்.

போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் சின்னவள் வந்திருந்தாள். கவுன்டரில் என் எதிரிலேயே, இஸ்திரி போட்டதுபோல மடித்து அடுக்கிய துணிக்கட்டை அக்காவின் கையில் கொடுத்தாள். மேலே அந்தக் கைப்பை.

"ஏசி வேலை நடந்த தூசிக்காகப் போட்டிருந்தீங்க போல. எல்லாத்தையும் தட்டித் துடைச்சுட்டேங்கக்கா."

டார்ச் அக்கா அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை, அது இடம் பிடிக்கப் போட்டது என்று பக்கத்தில் நின்ற மேனேஜர் காதில் விழும்படி சொல்ல முடியுமா? எனக்குச் சிரிப்பு வந்தது, டிக்கெட் கட்டைக் கீழே போட்டுவிட்டு அதை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

அவள் தன் வாழ்நாளில் செய்யாததையெல்லாம் அன்று செய்தாள். வாசலைவிட்டு இறங்கி வந்து, வாங்க வாங்க என்று ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்தாள். மருந்துக்கடைக்காரர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சின்னப் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேம்மா என்று இடது பக்கம் போனார். வலது வாசலில் நாற்பது பேர் நுழைந்திருந்தால் அதிகம்.

அவள் வீட்டுக்காரர் இரண்டாவது பெல்லுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. என்னிடம் டிக்கெட் வாங்கினார். வலது வாசலில் அவள் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது வாசல் வரிசையில் போய்க் கடைசி ஆளாக நின்றார்.

இவ்வளவு நாள் அவள் எரிந்தது கூட்டத்துக்காக. அது வேலை, அது பெயர், அதைச் சொல்லிப் புலம்பலாம். இதை எங்கே போய்ச் சொல்வாள்? நாடகம் முடிகிறவரை அவள் வாசல் சுவரில் சாய்ந்து நின்றாள். திருடன் வந்தபோது அரங்கமே கைதட்டியது. அவள் மேடையைப் பார்க்கவில்லை. இருட்டில் பின்வரிசைச் சுவரோரம் தெரிந்த ஒரு வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் விடைகூடச் சொல்லாமல் போனாள்.

அடுத்து நடந்ததை அவள் திங்கட்கிழமை கவுன்டரில் வந்து உட்கார்ந்து சொன்னாள். சனிக்கிழமை ராத்திரி முழுக்க வாயைக் கட்டிக்கொண்டாளாம். ஞாயிறு காலை அவர் வாசலில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று, ரெண்டு வாசல் இருக்கே, எதுக்கு அந்தப் பக்கம் போனீங்க என்று கேட்டிருக்கிறாள். தம்பி பெண்டாட்டி நின்னுட்டிருந்தா, போனேன் என்றாராம். இந்தப் பக்கம் பெண்டாட்டியே நின்னுட்டிருந்தேனே என்றாளாம் இவள்.

அவர் சோப்பு நுரையோடு, கத்தியை அலம்பிக்கொண்டே சொன்னாராம்.

"அவ ஒவ்வொருத்தர்கிட்டயும் எங்க உட்காரணும்னு கேக்கறாளாம். கடைக்கு வர்றவங்க எல்லாம் சொன்னாங்க. எனக்கும் அப்படி ஒரு தடவை யாராவது கேட்டா எப்படி இருக்கும்னு தோணிச்சு. போனேன், கேட்டா. பின்னாடி சுவத்தோரமான்னேன், சரின்னு கூட்டிட்டுப் போனா. உன் பக்கம் வந்திருந்தா நீ காட்டுற இடத்துல உட்கார்ந்திருப்பேன். வீட்டுலயும் அப்படித்தானே."

கோபமாகச் சொல்லவில்லையாம். சொல்லிவிட்டு இன்னொரு கன்னத்தைச் சிரைக்க ஆரம்பித்துவிட்டாராம். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் டார்ச் அக்கா.

"ஒரு கேள்வி, அவ்வளவுதானா? நான் பவுடர்னு நெனச்சேன். பல்லுன்னு நெனச்சேன். அவ பல்லைப் பார்த்து ஆறு மாசமா எரிஞ்சுக்கிட்டிருந்தேனே."

அப்படியானால் தையல்காரர் என்றேன் நான். அவள் தலையாட்டினாள். முதல் வரிசை நடுவில் உட்கார வேண்டும் என்று அந்த மனிதனுக்குப் பதினோரு வருட ஆசையாம், ஞாயிற்றுக்கிழமை தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். மருந்துக்கடைக்காரருக்கு விசிறிக் காற்றில் தலை பாரம். ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கிட்டப்பார்வை, பன்னிரண்டாவது வரிசையிலிருந்து ஒன்றும் தெரியாமல், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று முந்திக்கொண்டு சிரித்தவராம். பேட்டை முழுக்கத் தெரிந்த விஷயம் இவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. எனக்கும்தான், ஆனால் நான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொன்னார். கூட்டம் இடது பக்கம் போனாலும் சக்கர நாற்காலி ஏறும் சரிவு வலது வாசலில்தான் இருக்கிறது, அதனால் வலது வாசல்தான் நிலைக்கும். துடைக்கிற வேலைக்கு வெளியாள் கிடைத்துவிட்டது. வாசலில் டிக்கெட் வாங்கி வரவேற்கச் சின்னவள், இருட்டில் கூட்டிப் போய் உட்கார வைக்க டார்ச் அக்கா. யார் வேலையும் போகவில்லை, எல்லாருக்கும் திருப்திதானே என்றார். நல்ல மனுஷர். எங்கே தீ பிடித்திருக்கிறது என்றே தெரியாமல் தண்ணீர் ஊற்றினார்.

டார்ச் அக்கா யோசித்தாள். வாசலில் சின்னவள் நின்று கேட்பாள், ஜனங்கள் அவளிடம் ஆசையைச் சொல்வார்கள், அதை இவள் டார்ச் அடித்து நிறைவேற்ற வேண்டும். வீட்டுக்காரர் வந்தாலும் அவளிடம்தான் சொல்வார். இடுப்பில் செருகியிருந்த டார்ச்சை எடுத்து மேனேஜர் மேஜைமேல் வைத்தாள்.

"வாசல் எனக்கு வேணும் சார். டார்ச்சை அவளுக்குக் குடுங்க."

எங்கே உட்காரணும் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டியிருக்குமே என்றார் மேனேஜர், பயந்துகொண்டேதான் சொன்னார். கேட்கிறேன் என்றாள். அவள் திருந்திவிட்டாள் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். சுத்தமான பொறாமை. அந்தக் கேள்வியை இன்னொருத்தி வாயில் விட்டு வைக்க அவளுக்கு மனமில்லை.

அந்த வாரம் முழுக்க என் கவுன்டர் முன் நின்று பழகினாள். எங்க உட்காரணும் என்று அவள் கேட்டால், ராத்திரி எங்கே போயிருந்தாய் என்று போலீஸ்காரர் கேட்பது போலிருந்தது. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழு என்றேன். இழுத்தாள், அழுகிறது போல வந்தது. போதும், இதற்குப் போலீஸே மேல் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஒரே வாசல், ஒரே வரிசை. முதல் ஆள் தையல்காரர். டிக்கெட்டை வாங்கிக் கிழித்தாள். எங்க உட்காரணும் என்றாள். அவர் நடுங்கிப் போய் என்னைப் பார்த்தார், உள்ளே டார்ச்சோடு நின்ற சின்னவளைப் பார்த்தார், நீ சொல்ற இடத்துலயே உட்கார்றேம்மா என்றார். நான் சொல்லல, கேக்கறேன் என்றாள். முதல் வரிசை நடுவுல என்று அவர் முனகினார். அவள் முதல் வரிசை நடு என்று சின்னவளுக்குத் திருப்பிச் சொன்னாள்.

அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொரு பதிலும் அவள் பத்தொன்பது வருடம் பார்த்துப் பார்த்து வைத்ததில் ஒரு செங்கல்லைப் பிடுங்கியது. விசிறி வேண்டாம் என்றார்கள், கதவுப் பக்கம் வேண்டாம் என்றார்கள். சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்து சீட் கேட்டார்கள். எப்பவும் நீ வைக்கிற இடமே போதும்கா என்று ஆறு பேர் சொன்னார்கள். அந்த ஆறு பேரும் யார் யார் என்று இன்றும் அவள் ஒப்பிப்பாள். உள்ளே போகிறவர்கள் சின்னவளைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் கழுத்தைத் திருப்பி, எந்தப் பல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தாள்.

மூன்றாவது பெல்லுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வீட்டுக்காரர் வந்தார். தம்பி நடிக்காத நாள். என்னிடம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேராக அவளிடம் போய் நீட்டினார். அவள் கிழித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், கிழித்த பாதியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க உட்காரணும்?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். காலியாக இருந்த இருக்கைகளைப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"நீ நிக்கிறது தெரியற மாதிரி எங்கயாவது."

கண்ணாடிக்குப் பின்னால், பன்னிரண்டு அடி தள்ளி, எனக்கே தெளிவாகக் கேட்டது. டார்ச் அக்காவின் முகம் காது வரை சிவந்துபோனது. பிறகு திரும்பி, உள்ளே சின்னவள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று பார்த்தாள். நாலைந்து வரிசை தள்ளி யாரையோ உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னீங்க? சரியா காதுல விழல, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். சின்னவள் இன்னும் குனிந்தே இருந்தாள். டார்ச் அக்கா மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தாள்.